பெரிய உணவுச் சந்தைக்கு எப்போது போவது, எதை முதலில் வாங்குவது?

பெருநகரச் சந்தை ஒன்றுக்கு முதன்முறையாகப் போகும்போது எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடையைவிட நேரமும் வாங்கும் வரிசையுமே முக்கியம் என்பது என் அனுபவம். விடியற்காலையில் மொத்த வியாபாரம் நடக்கும்போது, மூட்டை சுமப்பவர்களின் வழியில் நிற்கும் நாம் வெறும் இடைஞ்சல்தான். சில்லறைக் கடைக்காரர்கள் சரக்கைப் பிரித்து அடுக்கி முடித்த பிறகு போனால் பொறுக்கி எடுக்கலாம். பேச்சுக்கும் ஆள் கிடைக்கும். கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும் என்றாலும், அன்றிரவே சமைத்துவிடும் காய்களுக்கு மட்டுமே அது லாபம்.

முதல் சுற்றில் எதையும் வாங்காமல் நடந்து பாருங்கள். சிவப்புத் தார்ப்பாயின் கீழே வைத்த தக்காளி இருப்பதைவிடப் பழுத்ததாகத் தெரியும் என்பதால், ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே எடை போடச் சொல்லுங்கள். கிழங்கு, வெங்காயம் போன்ற கனமானவை பையின் அடியில், கீரையும் பழமும் மேலே. அங்கேயே சாப்பிடுவதானால், கண்ணெதிரே அடுப்பிலிருந்து ஆவி பறக்க இறங்குவதைக் கேட்டு வாங்குங்கள். சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

மீனைக் கடைசியாக வாங்குங்கள். நான் ஒருமுறை நுழைந்ததுமே நல்ல சூரை மீனைக் கண்டு, ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, வெயிலேறும் வரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் பனிக்கட்டி கரைந்த தண்ணீரில் சதை குழைந்து கிடந்தது. கடைக்காரரைத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் அவர் கொடுத்தபோது கண் பளிச்சென்று புடைத்திருந்தது, செவுள் சிவந்திருந்தது, விரலால் அழுத்திய குழி உடனே மேலெழும்பியது. கெடுத்தவன் நான்தான். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஒவ்வாமை போன்ற உபாதை தரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது என்பதால், மனமில்லாமல் முழுவதையும் தூக்கி எறிந்தேன். இப்போதெல்லாம் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லி, பனிக்கட்டியைத் தாராளமாகப் போடச் சொல்லி வாங்கியதும், வேறெந்தக் கடையையும் திரும்பிப் பார்க்காமல் நேராக வீடுதான்.