சின்ன மென்பொருள் நிறுவனம்: செட்டிநாட்டிலிருந்து சில கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் நாலைந்து பேரோடு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர்களின் கேள்விகள் இவை.

நாங்கள் நான்கு பேர், ஒரே அறை. புரோகிராம் கோடை ஜிப் செய்து பென் டிரைவில் மாற்றிக்கொள்கிறோம். எங்களுக்கும் கோடின் மாற்ற வரலாற்றை வைத்துக்கொள்ளும் கிட் வேண்டுமா? (காரைக்குடி)

ஒரே ஆளாக இருந்தாலும் வேண்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் இதுதான்’ என்று மூன்று ஃபோல்டர் கிடந்தால், வாடிக்கையாளர் கடையில் இன்று ஓடுவது எது என்று யாராலும் சொல்ல முடியாது. 2005-ல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது கிட். இலவசம். இணையம் போனாலும் வேலை நிற்காது. முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும்.

பெரிய நிறுவனங்களின் பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) முறையை அப்படியே எடுக்க வேண்டாம். மெயின் என்ற முதன்மைக் கிளை எப்போதும் ஓடும் நிலையில் இருக்கட்டும். ஒரு வேலைக்கு ஒரு சின்ன பிராஞ்ச். இரண்டு நாளுக்குள் மெர்ஜ் செய்து மெயினில் சேர்த்துவிடுங்கள். அதற்கு முன் இன்னொருவர் பார்த்துவிட வேண்டும். மாற்றத்தைப் பதியும்போது எழுதும் கமிட் செய்தியில் வெறும் ‘ஃபிக்ஸ்’ போடாதீர்கள். ‘ரிட்டர்ன் பில்லில் ஜிஎஸ்டி இரண்டு முறை கழிந்தது, சரிசெய்தேன்’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் புரியும்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் கோடோடு சேர்ந்து யாரும் பார்க்கக்கூடிய பொது ரெபோவுக்கு (கோடு வைக்கும் இடம்) போய்விட்டது. உடனே அழித்து மறுபடி கமிட் செய்துவிட்டோம். போதுமா? (தேவகோட்டை)

போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது. முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. இனி பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (வெளிச் சேவையை அழைக்கும் ரகசியச் சாவி) எல்லாம் தனி கோப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்பின் பெயரைக் கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள்.

ஊர்ச் சங்கம் ஒன்றுக்கு உறுப்பினர் பட்டியல் செய்தோம். ‘மெ.’ என்ற இனிஷியல் ‘ம.’ என்று பதிவாகிறது. சில பெயர்கள் பட்டியலில் இருந்தும் தேடினால் வருவதில்லை. (பள்ளத்தூர்)

இனிஷியல் கட்டத்துக்கு ஒரு கேரக்டர் என்று எல்லை வைத்திருப்பீர்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ‘மெ’ இரண்டு குறியீடு: ‘ம’ ஒன்று, ஒற்றைக்கொம்பு ஒன்று. கொம்பு வெட்டுப்பட்டு, ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரர் ஆகிவிட்டார். நம் பக்கத்தில் ‘ராம.’, ‘அழ.’, ‘சித.’ எல்லாம் இனிஷியல்தான். மூன்று தலைமுறை சேர்ந்து ‘மு.ராம.அழ.’ என்றும் வரும். அந்த எல்லையை எடுத்துவிட்டுத் தாராளமாக இடம் கொடுங்கள். பெயரில் தப்பு வந்தால் அந்தக் குடும்பம் உங்கள் மென்பொருளை ஒருநாளும் நம்பாது.

‘காரைக்குடி’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் 10 குறியீடு. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 30 பைட். ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 10 என்றுதான் சொல்லும். எழுத்தை எண்ணவோ வெட்டவோ வேண்டியிருந்தால் அதிலேயே உள்ள இன்டல் செக்மென்டரை (Intl.Segmenter) பயன்படுத்துங்கள். எஸ்எம்எஸ் அனுப்பும்போதும் இதே கணக்குதான்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து என்றால் தமிழில் 70 குறியீடு. ஒரு வரி கூடினாலும் இரண்டு செய்திக்குக் காசு போகும்.

தேடலில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. ‘சொக்கலிங்கம்’ என்பதில் உள்ள ‘சொ’வை இரண்டு விதமாகப் பதியலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற முறையில் இரண்டையும் ஒரே வடிவமாகச் சீராக்கிவிடுங்கள். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் என்றால் எழுத்து முறையாக யூடிஎஃப்8எம்பி4 வையுங்கள். பழைய யூடிஎஃப்8 தமிழைத் தாங்கும், யாராவது இமோஜி போட்டால் தாங்காது.

பலகாரக் கடைக்கு பில்லிங் செய்கிறோம். தப்பாகப் போட்ட பில்லை அழிக்க பட்டன் கேட்கிறார் முதலாளி. (தேவகோட்டை)

கொடுக்காதீர்கள். அவர் வீட்டுப் பழைய பேரேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எழுதியதை யாரும் சுரண்டி எடுத்திருக்க மாட்டார்கள், எதிர்ப் பதிவு போட்டுத்தான் நேர் செய்திருப்பார்கள். பில்லை ரத்து என்று குறித்து, எதிர்ப் பதிவும் கிரெடிட் நோட்டும் போடும் வசதி கொடுங்கள். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களின் கணக்கு மென்பொருளில் மாற்றங்களின் தடம் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

தொகையை ஃப்ளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை) வைக்காதீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். ஐந்தொகை ஒரு பைசா இடித்தாலும் இந்த ஊர்க் கணக்கப்பிள்ளை விடமாட்டார்.

பொறியியல் கல்லூரியிலிருந்து பிள்ளைகளை எடுத்துப் பழக்குகிறோம். இரண்டு வருடத்தில் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? (காரைக்குடி)

கூடாது. அது அநியாயம், அப்படிப் பிடித்து வைத்த பிள்ளை மனசோடு வேலையும் பார்க்காது. வெளியூர் போய்ச் சம்பாதிப்பது இந்த மண்ணுக்குப் புதிதா? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய ஊர் இது. போவார்கள் என்று வைத்துக்கொண்டே தொழிலை அமையுங்கள். ஆள் போவது நஷ்டம்தான். அவர் தலையில் மட்டும் இருந்த விஷயமும் கூடவே போவதுதான் தாங்க முடியாத நஷ்டம்.

ஒவ்வொரு வாடிக்கையாளரையும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். டொமைன், சர்வர் கணக்குகள் நிறுவன மின்னஞ்சலில் இருக்கட்டும், யாருடைய சொந்த ஜிமெயிலிலும் வேண்டாம். சர்வரில் கையால் கோப்பு ஏற்றும் பழக்கத்தை விட்டு, ஒரே கட்டளையில் முடியும்படி ஸ்கிரிப்ட் எழுதி ரெபோவிலேயே வையுங்கள்.

ரீட்மீ (புராஜெக்டை ஓட்டும் வழிக் குறிப்பு) எழுதச் சொன்னால் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. புதிதாகச் சேர்கிறவர் முதல் நாள் ரீட்மீயை மட்டும் வைத்து, யாரையும் கேட்காமல், தன் கணினியில் புராஜெக்டை ஓட்டிப் பார்க்கட்டும். எங்கே முட்டி நிற்கிறாரோ அந்த வரியை அவரே திருத்தி கமிட் செய்யட்டும். அதுவே அவருடைய முதல் கமிட்.

போகிறவரின் கடைசி மாதத்தில் புது வேலை கொடுக்காதீர்கள். மற்றவர் சர்வரில் ஏற்றி டெப்ளாய் செய்யட்டும், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். தடுமாறுகிற இடமெல்லாம் எழுதாமல் விட்ட இடம்.

ஏஐ எழுதும் கோடை அப்படியே போடலாமா? (புதுவயல்)

உங்கள் ஜூனியர் எழுதியதைப் படிக்காமல் மெர்ஜ் செய்வீர்களா? அதே விதி இதற்கும். வாடிக்கையாளரின் உண்மையான பெயர், செல்போன் எண்ணை ஏஐயில் ஒட்டாதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை வரும்போது சர்வர் படுத்துவிடுகிறது. பெரிய யூபிஎஸ் வாங்கலாமா? (கானாடுகாத்தான்)

யூபிஎஸ், சர்வரை ஒழுங்காக நிறுத்துவதற்கு நேரம் கொடுத்தால் போதும். சர்வர் தானாக நிற்கும்படி யூபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளை இணைத்து அமைத்துவிடுங்கள். மிச்சப் பணத்தை பேக்கப்பில் போடுங்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண் கடையில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.