இரட்டை அர்த்தம்னா அழுக்கா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, எங்க தமிழ்ப்பள்ளி விழாவுல விடுகதைப் போட்டி வைக்கலாம்னு சொன்னேன். 'இரட்டை அர்த்தமெல்லாம் வரும், வேணாம்'னு ஏற்பாட்டுக் குழுவுல தடுத்துட்டாங்க. விடுகதையால பிள்ளைங்களுக்கு என்ன பிரயோஜனம்னு நீங்க எழுதினா காட்டலாம். — வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பிரயோஜனம் கிடக்கட்டும்மா, அந்த 'இரட்டை அர்த்தம்'ங்கிற வார்த்தைதான் எனக்கு வயித்தெரிச்சல். கல்யாண டின்னர்ல மாப்பிள்ளை பொண்ண நிக்க வச்சுக்கிட்டு மைக் புடிச்சவங்க பேசுற பேச்சால அது நாறிப் போச்சு, இத நான் இந்தப் பக்கத்துல எத்தனையோ தடவ எழுதிட்டேன். ஒரு சொல்லுல ரெண்டு பொருள் வைக்கிறதுக்கு சிலேடைன்னு பேரு, செய்யுளுக்கு அழகு சேர்க்கிற அணிகளச் சொல்ற பழைய இலக்கண நூல் தண்டியலங்காரம் அத ஒரு அணியா வச்சிருக்கு, விடுகதைய தொல்காப்பியம் பிசின்னு சொல்லுது.

காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து ஒரே வெண்பா பாடினாரு, அதுல 'பிண்ணாக்கும் உண்டாம்'னு வரும். எள்ள செக்குல ஆட்டினா மிச்சம் நிக்கிறது பிண்ணாக்கு. பாம்புக்கு பிள்-நாக்கு, அதாவது பிளந்த நாக்கு, சேர்த்துச் சொன்னா அதுவும் பிண்ணாக்குதான். இதுல எங்கம்மா அழுக்கு இருக்கு?

எங்க தாத்தா ரஜூலா கப்பல்ல வந்து பினாங்குல இறங்கினவரு. திண்ணையில உக்காந்து 'நாலெழுத்து, கடல்ல போகும், முதல் ரெண்ட கழிச்சா வாய்க்குள்ள இருக்கும், என்னடா'ன்னு கேப்பாரு. நான் தோணி, படகுன்னு எல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்து தோத்து, அப்புறம்தான் கப்பல், பல்லுன்னு பிடிபட்டுச்சு, புள்ளி வச்ச எழுத்தும் ஒரு எழுத்துன்னு மண்டையில ஏறினது அன்னைக்குத்தான், அதுக்கு முன்னாடி வாத்தியார் பத்து தடவ சொல்லியும் ஏறல. இதே சொல்ல மலாய்க்காரங்க நம்மகிட்ட வாங்கி காப்பால்னு ஆக்கிக்கிட்டாங்க, பாருங்க, பல்லு போய் பால் வந்துருச்சு!

நம்ம மலேசியப் பிள்ளைங்களுக்கு இதுல இன்னொரு வசதி, தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு வாய்க்காதது. பேர்லயே நம்மள 'பாரு பாரு'ன்னு கூப்பிடுற மாநிலத் தலைநகர் ரெண்டு, எதெதுன்னு கேட்டுப் பாருங்க. ஜொகூர் பாரு, கோத்தா பாரு. மலாய்ல பாருன்னா புதுசுன்னு தெரிஞ்ச பிள்ள உடனே சிரிக்கும்.

ஒரே ஒரு கண்டிஷன், உச்சரிப்பு. வாலைப்பலம்னு பேசுற வாயில சிலேடை நிக்காது, லகர ளகர ழகரத்த குழப்பினா ரெண்டு பொருளும் சேர்ந்தே செத்துரும், அதனால இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

போட்டிய வைங்கம்மா, முதல் கேள்வி நான் தர்றேன்: எத்தன தடவ தள்ளி வச்சாலும் விழாது, அது என்ன? விடை உங்க கடிதத்துலயே இருக்கு. ழகரம் சரியா வந்த பிள்ளைக்கு மட்டும் பரிசு குடுங்க.