சட்டம் கேளுங்கள்: பாக்கிக்காகக் கட்டடத்தைப் பூட்டலாமா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். தாராவியில் இருந்துகொண்டு சென்ட்ரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். செம்பூரில் ஒரு ரீடெவலப்மென்ட் கட்டடத்துக்கு 7 ஸ்லாபுக்கு சென்ட்ரிங் அடித்துக் கொடுத்தேன். 11 லட்சம் பாக்கி. மெயின் கான்ட்ராக்டரைக் கேட்டால், "பில்டர் எனக்கே கொடுக்கவில்லை, வந்ததும் தருகிறேன்" என்கிறார். என் பிளேட்டும் ஜாக்கியும் உள்ளேயே கிடக்கின்றன. எடுக்கப் போனால் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதில்லை. முதல் 4 ஸ்லாபுக்கு அளவுத் தாளில் சைட் இன்ஜினியர் கையெழுத்து இருக்கிறது, மீதி எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான், "இங்கே என்றால் சட்டமே வாங்கிக் கொடுத்துவிடும், நீ ஆளைக் கூட்டிப்போய்ப் பூட்டைப் போடு" என்கிறான். போடலாமா?
– பெயர் வேண்டாம், தாராவி

பதில்: போடாதீர்கள், தம்பி. பூட்டினால் அத்துமீறல் என்று உங்கள் மேல் போலீஸ் புகார் வரும். 11 லட்சத்தைப் பற்றிய பேச்சு போய், ஜாமீனைப் பற்றிய பேச்சு வந்துவிடும்.

பாக்கி வரும்வரை பொருளைத் தராமல் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை, லீன் என்று சொல்கிற பற்றுரிமை, நம் சட்டத்திலும் உண்டு. 1872 ஒப்பந்தச் சட்டம், 170-வது பிரிவு. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை தொழிலாளி தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவே உதாரணம் சொல்கிறது. ஆனால் அது உங்கள் கையில் ஒப்படைத்த சரக்குக்குத்தான். கட்டடத்துக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் கூலி பாக்கிக்கு அந்தச் சொத்தின் மேலேயே உரிமை பதிவு செய்யலாம். 1791-ல் மேரிலாந்தில் தொடங்கிய வழக்கம் அது. நம் ஊரில் அப்படி ஒன்று இல்லை.

மச்சான் சிங்கப்பூரைப் பற்றிச் சொன்னது சரிதான். அங்கே 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பில்லுக்குப் பணம் வராவிட்டால் சப்-கான்ட்ராக்டரும் நடுவரிடம் போகலாம். அவர் மாதக்கணக்கில் இழுக்காமல் முடிவு சொல்லியாக வேண்டும். "எனக்கு வந்தால் உனக்குத் தருகிறேன்" என்ற ஷரத்து அங்கே செல்லாது. இங்கே தனியார் கட்டட வேலைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லாதது எனக்குத் தீராத ஆதங்கம். ஊரிலிருந்து வந்து இந்த நகரத்தில் மாடி மேல் மாடி எழுப்பிய எத்தனையோ பேர் இதே 'வந்ததும் தருகிறேன்' என்ற பேச்சை நம்பி வீணாகிப் போனார்கள். ஆனாலும் உங்கள் ஒர்க் ஆர்டரை எடுத்து வரி விடாமல் படியுங்கள். அந்த நிபந்தனை அதில் எழுதப்படவில்லை என்றால், வாயால் சொல்லும் சாக்கு கோர்ட்டில் எடுபடுவது கஷ்டம்.

இப்போது உங்கள் பலம் காகிதம்தான். கடைசி 3 ஸ்லாபுக்கு ஜாயின்ட் மெஷர்மென்ட், அதாவது இருவரும் சேர்ந்து அளப்பது, வேண்டும் என்று கேட்டு மெயின் கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேதி, மாடி, நீளம், அகலம், பீம் பக்கங்கள், மொத்த சதுர அடி எல்லாம் அதில் வரட்டும். அவர் வராவிட்டால், லைசென்ஸ் உள்ள வேறொரு இன்ஜினியரை வைத்து வரைபடத்திலிருந்து கணக்குப் போட்டு வாங்குங்கள். கான்கிரீட் ஊற்றும் முன் சென்ட்ரிங்கைச் சரிபார்த்து இன்ஜினியர் கையெழுத்துப் போடும் போர் கார்டின் நகல் ஒன்றாவது கிடைக்குமா பாருங்கள். எந்தத் தேதியில் எந்த ஸ்லாப் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்புறம், வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணுக்குள் போய்ப் பாருங்கள். அந்த 3 ஸ்லாப் பில்லுக்கும் அவர் டிடிஎஸ் என்ற வரியைப் பிடித்துக் கட்டியிருந்தால், தன் கணக்கில் அந்த பில்லை ஏற்றிவிட்டார் என்று அர்த்தம். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

வாட்ஸ்அப்பும் செல்லும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான். அந்த போனை விற்றுவிடாதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள்.

பிளேட், ஜாக்கி உங்கள் பொருள். சைட்டுக்குள் போனபோது போட்ட சலானை வைத்துப் பட்டியல் எழுதி, திருப்பிக் கொடுங்கள், தாமதிக்கும் நாளுக்கு வாடகை கொடுங்கள் என்று அதே நோட்டீசில் கேளுங்கள்.

வழக்கு போட, வேலை முடிந்த நாளிலிருந்து பொதுவாக 3 வருடம். 3 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தத் தகராறு கமர்ஷியல் கோர்ட்டுக்குப் போகும். அவசரத் தடை எதுவும் கேட்கவில்லை என்றால் முதலில் மீடியேஷன் என்ற சமரசப் பேச்சு கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் 2022-ல் உறுதியாகச் சொல்லிவிட்டது. சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு கொடுங்கள். மீடியேஷனுக்கு 3 மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் 2 மாதம். அந்த நாட்கள் உங்கள் 3 வருடக் கணக்கில் சேராது. பில்டர் இதில் வராமல் மெயின் கான்ட்ராக்டர் ஒருவரே வந்தாலும் பரவாயில்லை, உங்கள் ஒப்பந்தம் அவரோடுதான்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் 45 நாளில் பணம், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சட்டத்தில் அது இருக்கிறது. ஆனால் பொருளும் உழைப்பும் சேர்ந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் அதற்குள் வராது என்று பாம்பே ஹைகோர்ட் தீர்ப்புகள் உண்டு. உங்களுடையது வெறும் கூலி வேலை என்று வாதாட இடம் இருக்கிறது. அதை மட்டுமே நம்பி இறங்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அம்மா, நான் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர். தகராறு வந்தால் கம்பெனி எம்டி நியமிப்பவர்தான் ஆர்பிட்ரேட்டர் (கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவர்) என்று ஒர்க் ஆர்டரில் போட்டிருக்கிறது. இப்போது ஒருவரை நியமித்துக் கடிதம் வந்திருக்கிறது. போகத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், பாண்டுப்

பதில்: ஆர்பிட்ரேஷனுக்குப் போக வேண்டும், அவரிடம் போக வேண்டாம். வழக்கில் ஆதாயம் உள்ளவர் தனி ஆளாக ஆர்பிட்ரேட்டரை நியமிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019-லேயே சொன்னது. 2024 நவம்பர் 8 அன்று 5 நீதிபதிகள் அமர்வு, அரசு ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட ஷரத்து சமத்துவத்துக்கே விரோதம் என்றது. உங்கள் ஆட்சேபனையை இன்றே எழுத்தில் கொடுங்கள். பொதுவான ஒருவரைச் சொல்லி நோட்டீஸ் அனுப்புங்கள். 30 நாளில் அவர்கள் ஒத்துவராவிட்டால் ஹைகோர்ட்டில் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 11-வது பிரிவு மனு போடலாம்.

ஒன்று மட்டும் கவனம். முதல் அமர்விலேயே "நியமனத்துக்கு ஆட்சேபனை இல்லை" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். தகராறு வந்த பிறகு நீங்களே எழுத்தில் கொடுக்கும் சம்மதத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.