நாலு முறை படித்தும் ஏன் எழுத வரவில்லை?

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவள். கல்லூரியில் மூன்று செமஸ்டர் முடிந்துவிட்டது. இதுவரையான மொத்தச் சராசரிப் புள்ளி, அதாவது சிஜிபிஏ, பத்துக்கு 5.8. கணிதத்தில் தேறாமல் ஒரு அரியர் வேறு. நான் படிக்காமல் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் நாலைந்து முறை படித்துவிட்டுத்தான் தேர்வுக்குப் போகிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, தேர்வறையில் எழுத வரவில்லை. என்னைவிடக் குறைவாகப் படிக்கும் தோழிகள் நன்றாக எழுதிவிடுகிறார்கள். இந்தப் படிப்புக்கு வேண்டிய அறிவு எனக்கு இல்லையோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த செமஸ்டரில் கூடுதலாக ஒரு பாடம் எடுத்து ஈடுகட்டலாமா? அரியர் பற்றி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 5.8 அல்ல. "படிக்கும்போது எல்லாம் புரிகிறது, தேர்வறையில் எழுத வரவில்லை" என்ற வரி. இதை அறிவுக்குறைவின் அடையாளமாக எடுத்துக்கொண்டு நீங்கள் பயப்படுகிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நீங்கள் படிக்கும் முறை உங்களுக்குத் தவறான தகவல் தருகிறது, அவ்வளவுதான்.

ஒரு பக்கத்தை மூன்றாம் முறை படிக்கும்போது அது பழகிய பக்கமாகிவிடுகிறது. அடுத்த வரி என்ன என்று கண் போவதற்கு முன்பே தெரிகிறது. சூத்திரத்தைப் பார்த்ததும் "ஆமாம், இது தெரியும்" என்கிறோம். பார்த்ததை அடையாளம் காண்பது ஒரு வேலை. எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்து எழுதுவது வேறு வேலை. தேர்வறையில் கேட்கப்படுவது இரண்டாவது. நீங்கள் நாலைந்து முறை பயிற்சி செய்தது முதலாவதை.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நேரடியாகப் பொருந்துகிறது. கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது, சராசரியாகப் பதினான்கு முறை. இன்னொரு குழு மூன்று நான்கு முறை மட்டும் படித்துவிட்டு, மீதி நேரத்தில் தாளைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்த குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. அதே ஆய்வில், ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள், திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தான். உங்களுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். படித்து முடித்த இரவில் இருக்கும் அந்த நம்பிக்கை பொய்யல்ல, அந்த இரவுக்கு அது சரி. தேர்வுத் தேதிவரை அது நிற்பதில்லை.

சரி, என்ன செய்வது? முதலில் விடைத்தாளைப் பாருங்கள். நகல் கேட்டு வாங்கும் வழி உங்கள் கல்லூரியில் இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள், இல்லாவிட்டால் உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்களாவது கையில் இருக்கும். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அநேகமாக அந்தத் தாளை மறுபடி திறக்க மாட்டார்கள். மனம் நோகும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பேனாவோடு உட்கார்ந்து, மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் ஏன் போனது என்று ஓரத்தில் எழுதுங்கள். அந்தப் பகுதியைப் படிக்கவே இல்லையா? படித்தும் நினைவுக்கு வரவில்லையா? சூத்திரம் நினைவிருந்தும் எந்தக் கணக்குக்கு எது என்று தெரியவில்லையா? கேள்வி கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது வேறொன்றா? நேரம் போதவில்லையா? இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நேரம் போதாமல் இருபது மதிப்பெண்ணை விட்டவர் இன்னொரு முறை புத்தகம் படித்து ஒரு பயனும் இல்லை. அவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழைய வினாத்தாளை எழுதிப் பழக வேண்டும்.

அந்தத் தாளோடு பேராசிரியரிடம் போங்கள். "எப்படி சார் படிக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். "இந்தக் கணக்கில் மூன்றாவது படிவரை வந்தேன், அதற்கப்புறம் ஏன் இந்த முறை வருகிறது என்று புரியவில்லை" என்று கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லித் தருவார்கள்.

கணிதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அரியர் அதில்தானே. பாடநூலில் ஒரு அத்தியாயத்தின் கடைசியில் இருபது கணக்குகள் இருக்கும், எல்லாமே அந்த அத்தியாயத்தின் முறையில் போடுபவை. எந்த முறை என்று யோசிக்கும் வேலையே உங்களுக்கு இல்லை. தேர்வில் ஐந்து அத்தியாயங்களும் கலந்து வரும், அங்கே முதல் வேலையே எந்த முறை என்று கண்டுபிடிப்பதுதான். ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007ல் கல்லூரி மாணவர்களுக்குச் சில வடிவங்களின் கனஅளவு காணும் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வகைவகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20, இரண்டாவது குழு 63. அதனால் பயிற்சியில் தடுமாறினால் கலங்காதீர்கள். பழைய வினாத்தாள்களிலிருந்து கணக்குகளைத் துண்டுச்சீட்டில் எழுதி, குலுக்கி எடுத்துப் போடுங்கள். விடை பார்ப்பதற்கு முன் பத்து நிமிடமாவது திணறுங்கள். அந்தத் திணறல்தான் படிப்பு.

தோழிகள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் உங்களைவிடக் குறைவாகப் படிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? அவர்கள் புத்தகத்தோடு இருக்கும் நேரம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். வராந்தாவில் நின்று "அந்த மூணாவது கேள்விக்கு நீ என்ன போட்டே?" என்று பேசிக்கொள்ளும் நேரத்தை நீங்கள் படிப்பில் சேர்த்திருக்க மாட்டீர்கள். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கால்குலஸ் என்ற கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் தோற்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார். ஆர்வமில்லை, அடிப்படை போதாது, குடும்பச் சூழல் சரியில்லை என்றெல்லாம் ஆசிரியர்கள் நினைத்திருந்தார்கள். அவர் மாணவர்களோடு கூடவே இருந்து கவனித்தார். அவர்கள் ஒழுங்காகத்தான் படித்தார்கள், ஆனால் தனியாகவே படித்தார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் தனியே போட்டுப் பார்த்த பிறகு ஒன்றுகூடி, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார்கள். ட்ரைஸ்மன் உடனே எளிமையான துணைவகுப்பு எதையும் வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போட வைத்தார், தேர்ச்சி நன்றாக உயர்ந்தது. பள்ளியில் முதலிடம் வாங்கியவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு: தெரியவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வராது. நீங்கள் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வாரம் இரண்டு முறை அந்தத் தோழிகளோடு உட்காருங்கள். உங்களுக்குப் புரிந்ததை அவர்களுக்குப் பலகையில் விளக்குங்கள், எங்கே நின்றுபோகிறீர்களோ அங்கே படிக்க வேண்டியிருக்கிறது.

கூடுதல் பாடம் எடுக்க வேண்டாம். கணக்குப் போட்டே பார்ப்போம். செமஸ்டருக்கு 20 கிரெடிட் (பாடங்களின் எடையைச் சொல்லும் அலகு) என்று வைத்துக்கொண்டால் நீங்கள் 60 முடித்திருக்கிறீர்கள், 100 பாக்கி. சிஜிபிஏவை ஒரே செமஸ்டரில் 6.5 ஆக்க வேண்டுமானால் அந்த செமஸ்டரில் 8.6 வாங்க வேண்டும். மீதமுள்ள ஐந்து செமஸ்டரிலும் சராசரி 6.9க்குச் சற்று மேல் இருந்தாலே கடைசியில் 6.5 வந்துவிடும். இரண்டாவது நடக்கக்கூடியது. அடுத்த செமஸ்டரை அரியருக்கும் இருக்கிற பாடங்களுக்கும் கொடுங்கள். கிரெடிட் அதிகமுள்ள பாடத்துக்கு நேரமும் அதிகம் கொடுங்கள்.

தூக்கம் வரவில்லை, காலையில் எழவே மனமில்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை என்ற நிலை வாரக்கணக்கில் இருந்தால், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மருத்துவரையோ கல்லூரி ஆலோசகரையோ பாருங்கள். மதிப்பெண் சரிவுக்குப் பின்னால் சில நேரம் அதுதான் இருக்கும்.

வீட்டில் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். வெறுமனே "அரியர் வைத்துவிட்டேன்" என்று நிறுத்தாமல், எந்தப் பாடம், மறுதேர்வு எப்போது, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோபப்படலாம், அழக்கூடச் செய்யலாம். ஆனால் மறைத்து வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தால், கணக்கு போட வேண்டிய மனதில் பாதி அதைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும். அப்பா அம்மாவிடம் நேராகச் சொல்லப் பயமாக இருந்தால், வீட்டில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அன்புடன்.