தொடக்கப் பள்ளியில் உளவியலாளர்: சேரும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

குழந்தைகள் என்றால் உயிர், அதனால் தொடக்கப் பள்ளியில் உளவியலாளர் ஆக வேண்டும் என்கிறீர்கள். நல்ல ஆசைதான். ஆனால் குழந்தைகளோடு இருக்கும் அளவுக்குப் பெரியவர்களோடும் மல்லுக்கட்ட வேண்டிய வேலை அது.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசிக்கத் திணறுகிறான் என்று வையுங்கள். "கவனமே இல்லை" என்கிறார் ஆசிரியர். "வீட்டில் நன்றாகத்தானே இருக்கிறான்" என்கிறார் அம்மா. உடனே சோதனைத் தாளை எடுத்து நீட்டிவிடக் கூடாது. கண்ணும் காதும் பரிசோதித்தாயிற்றா என்பதே முதல் கேள்வி. கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளைக்குத் தேவை மூக்குக்கண்ணாடி. அடுத்து தூக்கம், எடுத்த விடுப்புகள், வீட்டில் பேசும் மொழி. பிறகு வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்து அவனைக் கவனிக்க வேண்டும், விளையாடும் நேரத்திலும்தான். ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு ஆகியவற்றைக் காட்டும் கோளாறு) என்று சொல்வதானால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ஆசிரியர் பேச்சை மட்டும் கேட்டு முத்திரை குத்த முடியாது.

சோதனைகள் இதற்கெல்லாம் பிறகுதான். இன்று பரவலாகப் புழங்கும் நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். 1905இல் பாரிஸில் பிரெஞ்சு ஆய்வாளர்களான பினேயும் சிமோனும் தங்கள் சோதனையை உருவாக்கியதே பள்ளியில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறியத்தான். பெற்றோரோ அந்த எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு உடைந்துபோவார்கள், அல்லது உங்கள் மேல் பாய்வார்கள். "காதால் கேட்டால் நன்றாகப் புரிந்துகொள்கிறான், எழுத்தை ஒலியோடு சேர்ப்பதில்தான் சிக்கல்" என்று எளிய சொற்களில் சொல்லத் தெரிந்தவரே இந்தத் தொழிலில் நிற்பார். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியருக்கு நீண்ட அறிக்கை பயன்படாது. நாளைக் காலையே செய்யக்கூடியது எதையாவது சொல்லுங்கள்: முன்வரிசையில் உட்கார வைப்பது, சில விடைகளை வாய்மொழியாகக் கேட்பது.

சிறு பிள்ளைகள் மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள், வயிற்றுவலி என்பார்கள். வரைய விட்டு, விளையாட விட்டுத்தான் பேச்சை வரவழைக்க வேண்டும். யாராவது அடிக்கிறார்கள், தகாதபடி தொடுகிறார்கள் என்று குழந்தை சொன்னால் அதை ரகசியமாக வைத்திருக்க முடியாது, உரியவர்களிடம் தெரிவித்தே ஆக வேண்டும். ரகசியம் காப்பேன் என்று குழந்தைக்குக் கொடுக்கும் வாக்குறுதியிலேயே இந்த விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும்.

படிப்பு? இளங்கலை உளவியல் மட்டும் போதாது. அமெரிக்காவில் அதற்கு மேல் வழக்கமாக மூன்று ஆண்டுப் படிப்பு, அதில் 1,200 மணி நேரப் பயிற்சி. குறைந்தது 600 மணி நேரம் பள்ளியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் உரிம விதி வேறு, அதை முதலில் பாருங்கள். புள்ளியியலும் உண்டு, கணக்குக்குப் பயந்து உளவியலுக்கு வருபவர்கள் இங்கேதான் விழிக்கிறார்கள். மருந்து எழுதும் எண்ணம் இருந்தால் இது உங்கள் வழி அல்ல, மருத்துவம் படித்து மனநல மருத்துவராக வேண்டும்.

சேரப்போகும் கல்லூரியிடம் ஒன்று கேளுங்கள்: பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறீர்கள், யார் மேற்பார்வை? பதில் மழுப்பலாக வந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.