மழை பெய்தால் அடம்பிடிக்கும் கார்

கேள்வி: என்னுடையது டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் ப்ளக்குகளுக்கு முறையே மின்சாரத்தைப் பங்கிடும் கருவி) வைத்த பழைய பெட்ரோல் கார். ஈரமான காலையில் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்ததை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் திரும்பப் பூத்துவிட்டது. என்னதான் செய்வது?

பதில்: முதலில் அந்த உப்புத்தாளைத் தூரப் போடுங்கள். மூடிக்குள் சுற்றும் ரோட்டரின் நுனி, டெர்மினலை (ஒயருக்கு மின்சாரம் போகும் உலோக முனையை) தொடுவதே இல்லை, நடுவில் சின்ன இடைவெளி உண்டு, ஒவ்வொரு முறையும் தீப்பொறி அதைத் தாண்டித்தான் போகிறது. காற்றில் பொறி பறந்தால் ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகும். அதோடு ஈரம் சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். அது அலுமினிய டெர்மினலைத் தின்றால் வெள்ளைப் பொடி, பித்தளையைத் தின்றால் பச்சை. நீங்கள் தேய்க்கத் தேய்க்க அந்த இடைவெளி அகலமாகும், தாண்டுவதற்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டியிருக்கும், தேய்மானமும் கூடும்.

லேசான பொடி என்றால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். டெர்மினலில் குழி விழுந்திருந்தாலோ, பிளாஸ்டிக்கில் பென்சிலால் கிறுக்கியது போல கறுப்புக் கோடு ஓடியிருந்தாலோ துடைத்துப் பயனில்லை. அது கரிக்கோடு, மின்சாரம் அந்த வழியாகவே நழுவி ஓடும். மூடி, ரோட்டர் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம். மாற்றும்போது ப்ளக்குக்குப் போகும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள், வரிசை மாறினால் அப்புறம் அன்று முழுக்க அதே வேலைதான்.

இவ்வளவு செய்தும் மறுபடி பூத்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மூடியின் கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் வளையம்) நைந்திருக்கும், இல்லையென்றால் காற்றுத் துளை அடைத்திருக்கும். ஒயர்களையும் சோதிக்கலாம்: இருட்டில் இன்ஜின் ஓடும்போது தண்ணீரைப் பனி போல மெலிதாக ஸ்ப்ரே செய்தால், கசியும் இடத்தில் நீல நிறத்தில் சடசடவென்று மின்னும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பல்லாயிரம் வோல்ட் அது.

கேள்வி: ஸ்பார்க் ப்ளக்கின் ரப்பர் தொப்பிக்குள் கிரீஸ் தடவலாமா?

பதில்: தடவலாம், ஆனால் டைஎலக்ட்ரிக் கிரீஸ் எனப்படும் சிலிக்கோன் கிரீஸ் மட்டும். வீல் பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். இந்த சிலிக்கோன் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது, நீர் நுழையாமல் அடைப்பதுதான் அதன் வேலை, ஆகவே ரப்பரின் உள்வாயில் மெல்லிசாகப் பூசினால் போதும், உலோக முனையை மூடும்படி அப்ப வேண்டாம். டபிள்யூடி-40 அடிப்பவர்கள் உண்டு. நனைந்த ஒயரிலிருந்து நீரை விரட்ட அது சரி, நிரந்தரப் பாதுகாப்புக்கு அதை நம்பாதீர்கள்.

ப்ளக்கைக் கழற்றும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும், குழியில் கிடக்கும் மண்ணை முதலில் ஊதிவிடுங்கள். வெள்ளைப் பீங்கானின் அடியில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்ஜினுக்குள்ளிருந்து கேஸ் கசிகிறது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது உயர் மின்னழுத்தம் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறைதான், விட்டுவிடலாம். இரிடியம் ப்ளக் (நுனியில் இரிடியம் உலோகம் வைத்தது) என்றால் கம்பி பிரஷ்ஷைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், அந்த ஊசி நுனி ஒடிந்தால் புது ப்ளக்தான் வாங்க வேண்டும்.