ஊருக்குப் புதுத் தொட்டியும் மோட்டார் அறையும்: கேள்வி பதில்

ஊராட்சிக் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேல்நிலைத் தொட்டியும் மோட்டார் அறையும் புதிதாகக் கட்டவிருக்கும் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் 2,000 பேர் இருக்கிறோம். 1 லட்சம் லிட்டர் தொட்டி கேட்கலாமா சார்?

ஜல் ஜீவன் திட்டக் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். உங்களுக்கு 1,10,000 லிட்டர் வரும். காலை, மாலை இரண்டு முறை ஏற்றினால் 60,000 லிட்டர் தொட்டி இன்றைக்குப் போதும். ஆனால் தொட்டியை இன்றைக்கு மட்டுமல்ல, வருங்காலத் தேவைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதனால் வருங்கால மக்கள்தொகையைப் போட்டுப் பாருங்கள். மின்வெட்டு அதிகம் என்றால் 1 லட்சமே கேளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் தேங்கிக் கிடந்தால் குளோரின் போய்விடும்.

கேள்வி: ஆற்றுக் கிணறு 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 5 எச்.பி. மோட்டார் இழுக்குமா அண்ணா?

இழுக்காது தம்பி. மேலே சொன்ன 1,10,000 லிட்டரை 6 மணி நேரத்தில் ஏற்ற, வினாடிக்கு 5 லிட்டர் வேண்டும். கிணற்று நீர்மட்டத்திலிருந்து தொட்டி வாய்வரை 34 மீட்டர் உயரம் என்று வையுங்கள். 110 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாயில் உராய்வுக்கு இன்னும் 11 மீட்டர் போகும். வால்வு, வளைவு எல்லாம் சேர்த்து 50 மீட்டர் ஹெட், அதாவது மோட்டார் தள்ள வேண்டிய மொத்த உயரம். பாதி சக்தி மோட்டாரிலும் பம்பிலும் வீணாவதால் 7.5 எச்.பி. வைக்க வேண்டும். காசு மிச்சம் என்று 90 மி.மீ. குழாய் போட்டால் உராய்வு மட்டுமே 30 மீட்டரை நெருங்கும், மோட்டார் 10 எச்.பி. ஆகிவிடும். குழாயில் மிச்சம் பிடித்ததை மாதாமாதம் கரண்ட் பில்லில் கட்டுவீர்கள். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறுவதே இல்லை. பெரிய தொட்டி வந்தால் சரியாகுமா ஐயா?

தொட்டி பெரிதானால் மட்டும் ஏறாதும்மா. அழுத்தம் கொடுப்பது உயரம். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம், அவ்வளவுதான். புறம்போக்கு கிடைத்தது என்று பள்ளத்தில் தொட்டி கட்டினால் உங்கள் தெரு இன்னும் காயும். நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்து லெவல் எடுக்கும் அன்று உங்கள் தெருவின் கடைசி வீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், மேட்டுத் தெருவுக்குத் தனி லைனும் வால்வும் கேளுங்கள். கீழ்த்தெருவில் யாராவது குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால், அதை ஊராட்சிதான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: மோட்டாரை நிறுத்தினால் குழாயில் டொம் என்று அடிக்கிறது.

ஏறிய தண்ணீர் திரும்பி வந்து அடிக்கிறது. தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வைப் பாருங்கள். விட்டால் ஜாயின்ட் தெறிக்கும்.

கேள்வி: பழைய தொட்டியை இப்போதே இடிக்கலாமா?

புதியதில் தண்ணீர் ஓடும் வரை கூடாது. பழையது ஆபத்தான நிலையில் இருந்தால், தற்காலிக ஏற்பாடு செய்துவிட்டு இடியுங்கள்.

கேள்வி: கட்டிய தொட்டி ஒழுகாது என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

பெயின்ட் அடிப்பதற்கு முன் முழுதாக நிரப்பச் சொல்லுங்கள். முதல் 7 நாள் காங்கிரீட் குடிக்கும், விட்டுவிடுங்கள். அடுத்த 7 நாள் வெளிச்சுவர் காய்ந்தே இருக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கீழிருந்து பாருங்கள். அங்கே ஈரத்தோடு சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு இறங்கினால், வெளியே சிமென்ட் பூசி மூட விடாதீர்கள். தண்ணீரை இறக்கி உள்ளிருந்து சரிசெய்து, மறுபடியும் நிரப்பிப் பார்த்த பிறகுதான் ஊராட்சி பொறுப்பேற்க வேண்டும்.

கேள்வி: பிளீச்சிங் பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டுகிறார்கள். சரியா?

தவறு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும். தொட்டி இயக்குபவரிடம் குளோரின் அளவைப் பார்க்கும் குளோரோஸ்கோப் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கிராமசபையில் எழுதிக் கொடுங்கள்.